திட்டவிலக்கம் பூஜ்யம்

வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். தவழ்வதற்குப் பொறுமை இல்லாமல் எட்டாவது மாதத்திலேயே எழுந்து நடந்தவள். அன்றைக்குக் காலில் கட்டிய சக்கரத்தை அப்புறம் கழற்றவே இல்லை. சாப்பிடும்போது கால் ஆடும், படிக்கும்போது பேனா சுழலும், தூங்கும்போதுகூட விரல்கள் எதையோ எண்ணிக்கொண்டிருக்கும். அம்மா கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் மூக்கில் ஃப்ரேமை மாட்டி, ஆடாமல் இருங்கள், ஆடாமல் இருங்கள் என்று சொல்லி அலுத்து வீட்டுக்கு வந்தால், ஆடுவதற்கென்றே ஒன்று அங்கே காத்திருக்கும். அப்பா பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷமாக ஒரே டிப்போ, அதில் பதினோரு வருஷமாக ஒரே தடம். மனிதர் எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டார். பெண் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, ஓடுகிற வண்டி ஓடட்டும் என்று விட்டுவிட்டார்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் என்ன படிப்பது என்ற கேள்வி வந்தது. கணக்கு அவளுக்குப் பிடிக்கும், ஆனால் ஒரே நிரூபணத்தோடு மூன்று நாள் உட்கார உடம்பு வளையாது. கம்ப்யூட்டரும் பிடிக்கும், ஆனால் ஒரு ப்ரோக்ராம் ஓடிவிட்டால் மற்றவர்கள் கைதட்டிக்கொண்டு எழுந்து போகும்போது, இது ஏன் ஓடியது என்று இவளுக்கு மட்டும் மண்டை குடையும். கடைசியில் பயன்பாட்டுக் கணிதமும் கணினியியலும் சேர்ந்த ஒரு பட்டப்படிப்பு இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் போய் விழுந்தாள். பாதிப் பாடம் கணிதத் துறையில், மறு பாதி கணினித் துறையில்.

உறவுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கணக்கா கம்ப்யூட்டரா என்று கேட்பார்கள். இரண்டும் என்றால், அதெப்படி, ஏதாவது ஒன்றைச் சொல் என்பார்கள். அம்மா ஒரு வழி செய்தாள். அவளுடைய பக்கத்து ஆட்களிடம் கணக்கு என்றும் அப்பா பக்கத்து ஆட்களிடம் கம்ப்யூட்டர் என்றும் சொல்லிவைத்தாள். ஒரு கல்யாணத்தில் இரண்டு பக்கமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொலைத்தது. சாப்பாடு முடிவதற்குள், அந்தப் பெண் ஒரு படிப்பில் தேறாமல் இன்னொன்றில் சேர்ந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சித்தி தனியாக வந்து, பரவாயில்லை, மனதைத் தளரவிடாதே என்று ஆறுதல் வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

கல்லூரியில் மட்டும் என்ன வாழ்ந்தது? கணிதத் துறை பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில். கணினித் துறை மைதானத்துக்கு அந்தப் பக்கம், கண்ணாடி வைத்த புதுக் கட்டடத்தில். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே பத்து நிமிடம் விட்டிருந்தார்கள். நடந்தால் பதினான்கு நிமிடம் ஆகும். இந்த அட்டவணையைப் போட்ட புண்ணியவான் இரண்டு கட்டடத்தையும் ஒரு நாளாவது கண்ணால் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். எறும்புக்கு அது ஒரு கஷ்டமாகவே தெரியவில்லை. முதல் மாதத்திலேயே சைக்கிள் நிறுத்தம் வழியாக, வேலியில் இருந்த ஓட்டை வழியாக ஒரு பாதை கண்டுபிடித்து, ஒன்பது நிமிடம் இருபது நொடியில் போய்ச் சேர்ந்தாள். கூடப் படித்த பத்துப் பேரும் அவள் பின்னால் வரிசையாக ஓடினார்கள். பழைய கட்டடத்தில் அவர்களுக்குக் கம்ப்யூட்டர் பிள்ளைகள் என்று பெயர். புதுக் கட்டடத்தில் கணக்குப் பிள்ளைகள். இரண்டு இடத்திலும் கடைசி வரிசைதான்.

இரண்டு ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கணிதத் துறையில் இருந்த பேராசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் நிரூபணம். இன்று வெயில் அதிகம் என்றால்கூட, எதைவைத்துச் சொல்கிறாய் என்று கேட்கும் ரகம். கணினித் துறையில் இருந்தவருக்குப் பெயர் ஓடுதா. நீங்கள் எத்தனை அழகாக எதை எழுதிக்கொண்டு போனாலும் அவர் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். நான்காவது வருஷத்து ஆய்வுத் திட்டத்துக்கு இரண்டு பேருடைய கையெழுத்தும் வேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் பட்டம் கிடையாது.

எறும்பு எடுத்துக்கொண்டது அப்பாவின் டிப்போவை. ஒரு நாளைக்கு அறுபது டிரைவர்களின் வேலை, அதாவது அறுபது டூட்டி. ஒரு டூட்டிக்கு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு எட்டு நடை. எந்த டிரைவர் எந்த வண்டியை எப்போது எடுப்பது, எப்போது விடுவது என்ற பட்டியலைக் கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதை ஒரு கணக்காக எழுதி, கம்ப்யூட்டரில் தீர்த்து, இன்னும் குறைந்த டூட்டியில் அதே வண்டிகளை ஓட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் திட்டம். டிப்போ மேனேஜர் தலைகால் புரியாமல் மகிழ்ந்துபோனார். இருபத்து மூன்று நாள் ட்ரிப் ஷீட்டை அட்டைப் பெட்டியில் போட்டு அப்பாவிடமே கொடுத்தனுப்பினார். ஒவ்வொரு நடை முடிவிலும் வண்டி எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று டிரைவர் தன் கையால் எழுதிவைக்கும் தாள் அது. கடைசி நிறுத்தத்தில் வேறு ஆள் கிடையாது. டிரைவர் எழுதினால் எழுதியதுதான்.

ஆயிரத்து முந்நூற்று எண்பது தாள்கள், பதினோராயிரத்து நாற்பது நேரங்கள். ஆறு வாரம் தட்டச்சு செய்தாள். நின்றுகொண்டே அடித்தாள், ஜன்னல் விளிம்பில் வைத்து அடித்தாள். அப்பாவின் தாள்கள் வரும்போது மட்டும் கொஞ்சம் நிதானம். அவர் போடும் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும், அதைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். பத்தொன்பது இடத்தில் மட்டும் டயர் வெடித்தது, பாலத்தில் நெரிசல் என்று எழுதி, நாற்பது நிமிடம் ஐம்பது நிமிடம் தாமதம் காட்டியிருந்தது. அந்தப் பத்தொன்பதையும் விதிவிலக்கு என்று நீக்கினாள். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. மிச்சம் இருந்தவை அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. கால அட்டவணையில் ஆறு ஐம்பத்திரண்டு என்றால் தாளிலும் ஆறு ஐம்பத்திரண்டு. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தைக் கணக்கிட்டால், சுத்தமாகப் பூஜ்யம்.

இங்கேதான் அந்தப் பெண் மோசம் போனாள். அவளுக்குள் இருந்த கம்ப்யூட்டர் பாதி, ஆகா, என்ன சுத்தமான தரவு என்று குதித்தது. கணக்குப் பாதி மூக்கைச் சுளித்திருக்க வேண்டும். பத்து முறை பல் துலக்கினாலே பத்து விதமாக நேரம் ஆகும். ஊர் நடுவில் ஓடுகிற பஸ் பதினோராயிரம் முறை நொடி பிசகாமல் வந்து நிற்குமா? முதலாமாண்டுப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். ஆனால் அந்தக் கணக்குப் பாதி அந்நேரம் வேலியின் ஓட்டை வழியாக அடுத்த கட்டடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிரூபணம் மேடம் வரைவைப் படித்து, தரவு விஷயத்தைக் கணினித் துறை பார்த்திருக்கும் என்று சமன்பாடுகளை மட்டும் திருத்தினார். ஓடுதா சார், புள்ளியியலைக் கணிதத் துறை பார்த்திருக்கும் என்று ப்ரோக்ராமை மட்டும் ஓட்டிப் பார்த்தார். இருவருக்கும் திருப்தி.

கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பிக் கிளம்ப எட்டு நிமிடம் விட்டிருந்தார்கள். வண்டிதான் சொன்ன நேரத்துக்கு வந்துவிடுகிறதே, எட்டு எதற்கு? பாதுகாப்பு விதிப்படி இரண்டு நிமிடம் இருந்தால் போதும். இந்த மாதிரிக் கணக்குகளில் விடை எப்போதும் எல்லைக் கோட்டில் போய்த்தான் ஒட்டிக்கொள்ளும். இரண்டு போதும் என்று சொல்லிவிட்டால் இரண்டேகாலைக்கூட அது விட்டுவைக்காது. ப்ரோக்ராம் அப்படியே எட்டை இரண்டாக்கி, அறுபது டூட்டியை ஐம்பத்து நான்காக்கியது. மேனேஜர் கையோடு சோதனை ஓட்டம் அறிவித்தார். அப்பாவின் தடத்தில் முதலில். திங்கள் முதல் வெள்ளி வரை ஓட்டம், வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு எறும்பின் வாய்மொழித் தேர்வு, அதில் இவரும் வந்து உட்காருவார், எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த மாதம் முதல் டிப்போ முழுக்க. வீட்டில் அம்மா மகளைக் கட்டிப்பிடித்து உச்சி முகர்ந்தாள். அப்பா சிரித்தார். கொஞ்சம் தாமதமாகத்தான் சிரித்தார், அதை யாரும் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை, அம்மா அப்பாவின் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலைக் கழுவ எடுத்தாள். காலையில் அவள் நிரப்பிக்கொடுத்த தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது. திங்கட்கிழமையும் அப்படித்தான் வந்தது, மறந்திருப்பார் என்று நினைத்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தால் மனிதர் உதடு வெடித்து, தலையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். அம்மா பாட்டிலைக் கொண்டுபோய் மகளின் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள்.

“எறும்பு, உன் ப்ரோக்ராம்ல அப்பா தண்ணி குடிக்கிறதுக்கு இடம் விட்டிருக்கியா?”

தண்ணீர் குடிக்க எதற்கு இடம் என்று எறும்பு கேட்டாள். குடித்தால் இறங்கிப் போய்விட்டு வர வேண்டாமா, அதற்கு நேரம் இல்லை என்றுதான் மனிதர் குடிக்காமலே ஓட்டுகிறார் என்று அம்மா சொன்னாள். ஏன் நேரம் இல்லை, இரண்டு நிமிடம் இருக்கிறதே, கழிப்பறை பக்கத்திலேயே என்று வாதாட ஆரம்பித்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினாள்.

புதன்கிழமை காலை ஆறு மணி வண்டியில் அப்பாவுக்குப் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்ப இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அப்பா ட்ரிப் ஷீட்டைத் தொடையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தாள். 6.52. அடுத்த வரி, 7.46. அடுத்தது 8.40. பேனா நிற்கவே இல்லை. மத்தியானம் ஒரு மணிக்குமேல் வந்து சேரப்போகும் எட்டாவது நடை வரைக்கும், ஏழுக்கு நடுவில் கோடு போட்டு, நிதானமாக எழுதிக் கையெழுத்தும் போட்டு மடித்து வைத்தார். வண்டி இன்னும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு அப்படி ஆனது அதுதான் முதல் தடவை. எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்களா என்று கேட்டாள். பின்னே எப்படி எழுதுவது என்று அப்பா திருப்பிக் கேட்டார். அவர் அதைப் பொய் என்று நினைத்ததே இல்லை. தாமதம் என்று எழுதினால் மூன்று பக்கம் விளக்கப் படிவம் நிரப்ப வேண்டும், மெமோ வரும். அதனால் அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே, அட்டவணையைப் பார்த்து எழுது என்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். யூனிஃபார்ம் போடுகிற மாதிரி அதுவும் ஒரு பழக்கம். டயர் வெடித்தால், வண்டி படுத்துவிட்டால், மறைக்கவே முடியாத நாளில் மட்டும் உண்மையை எழுதுவார்கள்.

அந்தப் பத்தொன்பது எண்கள். பதினோராயிரத்து நாற்பதில் உண்மை பேசியவை அவைதான். அவற்றைத்தான் அவள் பொறுக்கி எடுத்து வெளியே போட்டிருந்தாள்.

அன்றும் மறுநாளும் இறங்காமல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். மொத்தம் பதினாறு நடை. ஒரு நடைக்குச் சராசரியாக ஆறு நிமிடம் கூடுதலாக ஆனது, பள்ளிக்கூட நேரத்தில் பதினொன்று. பழைய எட்டு நிமிடம் சும்மா கிடக்கவில்லை, அந்தத் தாமதத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. விழுங்கியது போக ஒட்டியிருந்த இரண்டு நிமிடத்தில்தான் மனிதர்கள் கழிப்பறைக்கு ஓடிப்போய் வந்தார்கள். இப்போது அது இல்லை. முதல் நடையில் நான்கு நிமிடம் தள்ளிப்போனால் இரண்டாவதில் எட்டு, மூன்றாவதில் பன்னிரண்டு. நடுவில் விட்டிருந்த அரை மணி ஓய்வு பாதியாகக் கரைந்தது, மிச்சத்தில் அப்பா சீட்டிலேயே டிபனை அள்ளிப் போட்டுக்கொண்டார். கடைசி நிறுத்தத்தில் அப்பா ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. வண்டியைத் திருப்புவார், கதவைத் திறப்பார், மூடுவார். எதிர்ப்பக்கம் வந்து நின்ற வண்டியின் டிரைவர் கண்ணாடியை இறக்கி, உங்கள் வீட்டுப் பெண் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கதவை மூடி வண்டியை எடுத்தார். அவர் பின்கழுத்தில் வேர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டே எறும்பு பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவமானமாக இருந்தது. அழுகையும் வந்தது.

இதில் கூத்து என்னவென்றால், சோதனை ஓட்டத்துத் தாள்கள் அத்தனையும் அமோகம். புது அட்டவணையைப் பார்த்து எல்லாரும் புது நேரத்தை எழுதிக்கொடுத்துவிட்டார்கள். ஒரு நிமிடம் பிசகில்லை. மேனேஜர் பார்க்கிறவர்களிடம் எல்லாம் அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் எறும்பு அறைக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தாள். நாளை போய் என்ன சொல்வது? தாள் எல்லாம் பொய் என்று சொன்னால், மாற்று ஆட்களையும் சேர்த்து டிப்போவின் எழுபது டிரைவர்களுக்கும் மெமோ போகும், முதல் மெமோ அப்பாவுக்கு, ஏனென்றால் அவள் ஏறி உட்கார்ந்தது அவர் வண்டியில். சொல்லாவிட்டால் பட்டம் கையில் வந்துவிடும், அடுத்த மாதம் முதல் எழுபது பேரும் தண்ணீர் குடிக்காமல் ஓட்ட வேண்டியதுதான். அப்பா அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. அவர் சொன்னதை நின்றபடியே கேட்டாள்.

“உன் டிகிரியை வாங்கு முதல்ல. நாலு வருஷம் அந்த ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல நாயா ஓடியிருக்க. நான் சமாளிச்சுக்குவேன்.”

“எத்தனை நாள்ப்பா சமாளிப்பீங்க?”

“ரிடையர் ஆக இன்னும் ஏழு வருஷம்தானே.”

ஏழு வருஷத்தை அவர் ஏதோ இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குவது மாதிரிச் சொன்னார். அம்மா சமையலறையிலிருந்து வந்து அவரை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். எறும்பு தன் பதினாறு எண்களைப் போட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். பன்னிரண்டு டூட்டி இருந்த அந்தத் தடத்தைப் பதினொன்றாக்கலாம் என்று முன்பு சொன்ன அதே ப்ரோக்ராம், இப்போது பதின்மூன்று வேண்டும் என்றது.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பழைய கட்டடத்து அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தன. நடுவில் மேனேஜர், இந்தப் பக்கம் நிரூபணம், அந்தப் பக்கம் ஓடுதா. எறும்பு திரையை ஏற்றியதும் ஓடுதா சார் தன் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“ஓடுது சார்,” என்றாள் எறும்பு. “ஆனா அது சொல்ற மாதிரி பஸ் ஓடாது.”

பிறகு கடகடவென்று சொல்லி முடித்தாள். இரண்டு நாள் வண்டியில் உட்கார்ந்து பார்த்தது, பதினாறு நடை, ஆறு நிமிடம், பதினொரு டூட்டி இல்லை பதின்மூன்று. எதைவைத்துச் சொல்கிறாய் என்று நிரூபணம் மேடம் கேட்டார். அவள் தாளை நீட்டினாள். மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. தன் கோப்பைத் திறந்து, நான்கு நாள் ஷீட்டை வரிசையாகப் பரப்பி, இதில் அப்படி ஒன்றும் இல்லையே என்றார். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அந்தத் தாள்களில் மேலாக இருந்தது அப்பாவுடையது. ஏழுக்கு நடுவில் கோடு.

எறும்பு அந்தத் தாளிலிருந்து கண்ணை எடுத்து மேனேஜரைப் பார்த்தாள்.

“சார், நான் முதல்ல எடுத்தது பதினோராயிரத்து நாற்பது நேரம். திட்டவிலக்கம் பூஜ்யம். எந்த ஊர்லயும் எந்த வண்டியும் அப்படி ஓடாது. அந்தப் பூஜ்யத்தைப் பார்த்ததும் நான் நின்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல. அந்தத் தப்பு என்னோடது.”

“அப்ப எங்க டிரைவருங்க பொய் எழுதுறாங்கன்னு சொல்றியா?”

“ஷீட்டைப் பத்தி நான் எதுவும் சொல்லல சார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான். நீங்களும் ஒரு நாள் ஏறிப் பாருங்க. எட்டு நடையும், நடுவுல இறங்காம. தண்ணி பாட்டில் மட்டும் எடுத்துட்டுப் போங்க.”

அதென்ன பேச்சு என்று மேனேஜர் எகிறினார். டிப்போவில் விதி என்று ஒன்று இருக்கிறது, தாமதம் என்றால் விளக்கம் எழுதித்தான் ஆக வேண்டும், அதற்குப் பயந்துகொண்டுதான் யாரும் என்று ஆரம்பித்தவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார். அறையில் இருந்த எல்லாருக்கும் அது கேட்டுவிட்டது. ஆக, அவருக்கும் தெரியும். டிப்போவில் சுவருக்குக்கூடத் தெரியும். தெரியாமல் இருந்தது, ஆறு வாரம் நின்றுகொண்டே தட்டச்சு செய்த இந்தப் பெண் ஒருத்திக்குத்தான்.

அப்புறம் நடந்தது சண்டை. தரவைச் சரிபார்ப்பது கணினித் துறை வேலை என்றார் நிரூபணம். பூஜ்யத்தைப் பார்த்துச் சந்தேகப்படுவது கணிதத் துறை வேலை என்றார் ஓடுதா. நான்கு வருஷத்தில் அந்த இரண்டு பேரும் ஒரே அறையில் அவ்வளவு நேரம் பேசி அவள் பார்த்ததில்லை. முடிவில் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். இரண்டு பேரும் கையெழுத்துப் போடவில்லை. ஆறு மாதம் கழித்து, புதுத் தரவோடு வா என்று அனுப்பிவிட்டார்கள். கூடப் படித்த பத்துப் பேரும் அந்த மாதமே பட்டம் வாங்கினார்கள். மேனேஜர், சோதனை ஓட்டத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவிப்புப் பலகையில் ஒரு வரி ஒட்டினார். பழைய எட்டு நிமிடம் திரும்பி வந்தது. சித்தி செய்தி கேள்விப்பட்டு, நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்று அம்மாவிடம் போனில் பேசினாள்.

வீட்டில் எறும்பு எல்லாவற்றையும் சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். ஆறு மாதம் வீணாகிவிட்டதே என்றார். அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்று அம்மாவுக்குத் தெரியும். இரண்டு நாள் அந்த மனிதர் மகளின் முகத்தைப் பார்க்கவே கூசினார். அந்தப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தது அவர்தானே. அதில் இருப்பது என்னவென்று அவர் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் எறும்பு கல்லூரியிலிருந்து வந்தாள். அப்பா சாப்பாட்டு மேஜையில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு கட்டுத் தாள். திங்கட்கிழமை காலையிலிருந்து அவர் ட்ரிப் ஷீட்டை வெறுமையாக எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒவ்வொரு நடையும் முடிந்தபிறகு கடிகாரத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். 6.58. 7.57. 9.03. இருபத்தாறு வருஷத்தில் ஒரு மெமோ வாங்காத மனிதருக்கு இரண்டு நாளில் பதினாறு தாமதம், மூன்றாம் நாள் காலையில் ஒரு மெமோ, கூடவே நிரப்பச் சொல்லிப் பதினாறு விளக்கப் படிவம், ஒவ்வொன்றும் மூன்று பக்கம். வேறு இரண்டு டிரைவர்கள், படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று அவரிடம் கேட்டுவிட்டுப் போனார்களாம். ஒருவர் அன்றைக்குக் கண்ணாடியை இறக்கிப் பேசியவர்.

“எதுக்குப்பா இதெல்லாம்?”

“உனக்குப் புதுத் தரவு வேணும்னு சொன்னாங்கல்ல.”

அவள் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து மாதிரி குண்டு குண்டாக எழுதியிருந்தார். பாலத்தில் நெரிசல், ஆறு நிமிடம். அதற்குக் கீழே, தண்ணீர் குடித்தேன், கழிப்பறைக்குப் போனேன். அதற்கு எதிரே நிமிடத்தின் கட்டம் காலியாக இருந்தது.

அதற்கு எத்தனை போடுவது என்று அப்பா கேட்டார். இருபத்தாறு வருஷமாக அதை அவர் எண்ணியதே இல்லையாம். எறும்பிடமும் அந்த எண் இல்லை. அவள் பார்த்த பதினாறு நடையிலும் அவர் இறங்கவே இல்லை.

“அவசரப்படாம போயிட்டு வந்தா எத்தனை நிமிஷம் ஆகும்ப்பா?”

அப்பா பேனாவை வைத்துவிட்டு, கண்ணை மூடி, வண்டியிலிருந்து இறங்கி, டீக்கடையைச் சுற்றிப் பின்பக்கம் போய், கை கழுவி, பாட்டிலைத் திறந்து குடித்து, மறுபடி ஏறி உட்காரும் வரைக்கும் மனதுக்குள் நடந்து பார்த்தார். அவர் முடிக்கும்வரை எறும்பு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாள். கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டிருந்தது.

“நாலு,” என்றார் அப்பா.

அவர் படிவத்தில் நான்கு என்று எழுதினார். அவள் தன் நோட்டைத் திறந்து, புதுக் கணக்கின் முதல் நிபந்தனையாக அதை எழுதினாள்.